ஆய்வுத் தரவும் மென்பொருளும் தேடினால் கிடைக்க, எடுத்தால் பயன்பட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரை எழுதி முடித்தவர்கள், எழுதிக்கொண்டிருப்பவர்கள், "தரவு எங்கே?" என்று இதழிலிருந்து மின்னஞ்சல் வந்து திகைத்து நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே சோதனைதான். உங்களைத் தொடர்புகொள்ள வழியே இல்லாத ஒருவர், நீங்கள் விட்டுச்சென்ற கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர முடியுமா?

கட்டுரைதான் வெளியாகிவிட்டதே, தரவையும் நிரலையும் வேறு தனியாக வெளியிட வேண்டுமா?

கட்டுரை முடிவைச் சொல்கிறது. அந்த முடிவுக்கு வந்த வழி சரிதானா என்று பார்க்க அது போதாது. 2010இல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று, அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காடு என்றது. அரசுகளின் சிக்கன நடவடிக்கை பற்றிய விவாதங்களில் அந்தக் கட்டுரை அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களிடமே எக்செல் தாளைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில ஆண்டுகளின் தரவும் கணக்கில் வரவில்லை. சராசரிக்கு எடை கொடுத்த முறையும் கேள்விக்குரியதாக இருந்தது. எல்லாவற்றையும் மாற்றிக் கணக்கிட்டு அவர் குழு 2013இல் வெளியிட்ட எண் 2.2 விழுக்காடு. கட்டுரையை மட்டும் எத்தனை முறை படித்தாலும் சூத்திரத்தில் விடுபட்ட நாடுகள் கண்ணில் பட்டிருக்காது.

இது சரிபார்க்கும் பக்கம். மறுபயன்பாட்டின் பக்கம் இதைவிடப் பெரியது. புரத அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் ஏழே அமைப்புகளுடன் தொடங்கியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது அந்தக் கிடங்கிலிருந்துதான். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. 1980களில் ஒரு புரதத்தின் அமைப்பைப் பாடுபட்டுக் கண்டறிந்து அங்கே சேர்த்தவர்கள் யாரும் இப்படியொரு பயனை எதிர்பார்த்துச் சேர்க்கவில்லை. ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில், யாரும் எடுக்கலாம் என்று வைத்தார்கள். அவ்வளவுதான்.

"கேட்டால் தரப்படும்" என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா?

போதாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழையதான 516 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுரைக்கு வயது கூடக் கூட, தரவு இன்னும் கைவசம் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 விழுக்காடு வீதம் சரிந்தது. யாரும் வேண்டுமென்றே மறைத்ததாகச் சொல்ல முடியாது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருக்கும். மாணவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். கோப்பு ஒரு பழைய வட்டில் இருக்கும், அதைப் படிக்கும் கருவி இருக்காது.

இதழ்கள் இந்த ஒற்றை வரியை இன்னமும் ஏற்றுக்கொள்கின்றன என்பது என்னைப் பொறுத்தவரை வியப்பான விஷயம்.

ஃபேர், ஃபேர் என்கிறார்களே, அது என்ன?

கண்டறியக்கூடியது, அணுகக்கூடியது, பிறவற்றோடு இணைந்து இயங்கக்கூடியது, மீண்டும் பயன்படுத்தக்கூடியது: இந்த நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் ஃபேர். 2014இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்த ஒரு பட்டறையில் உருவெடுத்து, 2016இல் சயன்டிஃபிக் டேட்டா இதழில் வெளியானது. நான்கு தலைப்பின் கீழ் மொத்தம் 15 நெறிகள். ஆய்வு மென்பொருளுக்குத் தனியாகத் திருத்திய வடிவம் 2022இல் வந்தது.

இரண்டு விஷயங்களைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஒன்று, ஃபேர் என்றால் எல்லாருக்கும் திறந்துவிடுவது என்று பொருள் இல்லை. பூட்டிவைத்த தரவும் ஃபேராக இருக்கலாம்: அது இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டும், யாரிடம் எப்படி அனுமதி கேட்பது என்று எழுதியிருக்க வேண்டும். அதேபோல, திறந்து கிடக்கும் தரவு ஃபேராக இல்லாமலும் போகலாம். விளக்கமே இல்லாத ஜிப் கோப்பு அப்படிப்பட்டது. இரண்டாவது, இந்த நெறிகள் மனித வாசகரை மட்டும் நினைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆயிரக்கணக்கான தரவுத்தொகுப்புகளைத் தேடிப் பிரித்து இணைப்பது நிரல்தான். நிரலுக்கு ஊகிக்கத் தெரியாது.

கிட்ஹப்பில் போட்டாயிற்று. இன்னும் என்ன?

நிரலை எழுதிப் பகிரும் இணையதளமான கிட்ஹப் வேலை செய்ய நல்ல இடம். பாதுகாத்துவைக்கும் இடம் இல்லை. கணக்கை நீங்களே ஒரு நாள் அழித்துவிடலாம், களஞ்சியத்தின் பெயரை மாற்றலாம், பழைய வரலாற்றையே திருத்தி எழுதலாம். நிறுவனமே கடையை மூடவும் கூடும். கூகுள் கோட் ஒரு காலத்தில் பெரிய இடமாக இருந்தது. 2015இல் மூடப்போவதாக அறிவித்து, 2016 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். பிட்பக்கெட் என்ற இன்னொரு தளம் 2020இல், மெர்க்கூரியல் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் இருந்த களஞ்சியங்களை நீக்கியது. கட்டுரைகளில் அச்சான சுட்டிகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. சொந்த இணையதளம், கூகுள் டிரைவ் எல்லாமும் இதே கதைதான்.

அதனால் வேலையை கிட்ஹப்பில் செய்யுங்கள், ஒவ்வொரு முக்கியப் பதிப்பையும் ஆவணக் களஞ்சியம் ஒன்றில் சேருங்கள். ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் ஒருமுறை கிட்ஹப் கணக்கை இணைத்து, உங்கள் நிரல் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், நீங்கள் புதுப் பதிப்பை வெளியிடும்போதெல்லாம் அது தானாகவே ஒரு பிரதி எடுத்து டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கொடுத்துவிடும். 2013இல் செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு மையம் தொடங்கிய இந்தக் களஞ்சியம் இலவசம். ஒரு பதிவுக்கு வழக்கமாக 50 ஜிகாபைட் வரை ஏற்றலாம்.

எந்தக் களஞ்சியத்தைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் துறைக்கென்று ஒன்று இருந்தால் அதுதான் முதல் தேர்வு. மரபணு வரிசைக்கு ஜென்பேங்க் அல்லது அதன் ஐரோப்பிய, ஜப்பானியக் கூட்டாளிகள் (மூன்றும் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்கின்றன), புரத அமைப்புக்கு புரோட்டீன் டேட்டா பேங்க், புவியியல், சுற்றுச்சூழல் தரவுக்கு பாங்கேயா, சமூக அறிவியலுக்கு ஐசிபிஎஸ்ஆர். துறைக் களஞ்சியங்கள் கேட்கும் படிவம் நீளமானது. நிரப்பும்போது எரிச்சல் வரும். ஆனால் அந்த நீளம்தான் பின்னால் உங்கள் தரவை மற்றவர்களுடையதோடு சேர்த்துப் பார்க்க உதவுகிறது.

துறைக்கென்று இல்லையென்றால் ஸெனோடோ, ஃபிக்ஷேர், டிரையட், டேட்டாவெர்ஸ் போன்ற பொதுக் களஞ்சியங்கள். எதுவும் தெரியவில்லையென்றால் ரீ3டேட்டா என்ற பதிவேட்டில் துறைவாரியாகத் தேடலாம்.

டிஓஐ உண்மையில் என்ன செய்கிறது?

முகவரி மாறினாலும் மாறாத பெயர். கோப்பு வேறு சேவையகத்துக்குப் போனால் களஞ்சியம் பின்னணியில் புது முகவரியைப் பதிந்துவிடும். கட்டுரையில் அச்சான டிஓஐ அப்படியே வேலை செய்யும். தரவுக்கான டிஓஐகளைப் பெரும்பாலும் பதிந்து தருவது 2009இல் தொடங்கிய டேட்டாசைட் அமைப்பு. டிஓஐக்குள் மந்திரம் ஏதும் இல்லை. முகவரியைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதாக ஓர் அமைப்பு கொடுத்த வாக்குறுதிதான் அது. அதைக் கொடுக்கும் களஞ்சியம் நம்பகமானதா என்று பார்ப்பது அதனால்தான்.

மென்பொருளுக்கு இன்னொரு வகையும் உண்டு. 2016இல் பிரான்ஸின் இன்ரியா நிறுவனம் அறிமுகப்படுத்திய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், உலகின் பொது மூலநிரல்களையெல்லாம் சேகரிக்கிறது. மூடப்பட்ட கூகுள் கோட் களஞ்சியங்களும் அதில் இருக்கின்றன. அது தரும் அடையாளம் நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். "நான் ஓட்டியது இதே நிரல்தான்" என்று நிறுவ இதைவிடத் தெளிவான வழி இல்லை.

மீதரவு (தரவைப் பற்றிய விவரக் குறிப்பு) எவ்வளவு எழுத வேண்டும்? எழுதி மாளவில்லை.

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தேடலில் சிக்குவதற்கு ஒரு பகுதி. தலைப்பு "தரவு_இறுதி_2" என்று இருந்தால் யாருக்கும் அகப்படாது. எதை, எங்கே, எப்போது, எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்பது தலைப்பிலும் சுருக்கத்திலும் வர வேண்டும். அதைத் தேடுபொறி படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் வேலையை நல்ல களஞ்சியம் தானே பார்த்துக்கொள்ளும். 2018இல் வந்த கூகுள் டேட்டாசெட் சர்ச், பக்கங்களில் பொதிந்திருக்கும் அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் பட்டியலிடுகிறது. உங்கள் ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்), கட்டுரையின் டிஓஐ, நிதி வழங்கியவர் பெயர் ஆகியவற்றை அதற்குரிய கட்டங்களில் நிரப்புங்கள். சுருக்கத்துக்குள் வாக்கியமாகப் புதைத்தால் நிரலின் கண்ணுக்குப் படாது.

புரிந்துகொள்வதற்கு இன்னொரு பகுதி. இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஒரு வானிலைக் கோப்பைத் திறக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைத் தலைப்புகள்: டி1, டி2, கியூ. முதல் வரிசையில் 24.1, -9999, 3. இரண்டாவதில் 23.8, 31.0, 0. டி1 காற்றின் வெப்பநிலையா, மண்ணுடையதா? செல்சியஸா? மைனஸ் 9999 என்பது "அளவீடு இல்லை" என்பதற்கான குறி என்று பழகியவர் கண்டுபிடித்துவிடுவார்; ஒரு நிரல் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்து, ஏறத்தாழ மைனஸ் ஐயாயிரம் டிகிரி என்று கூசாமல் சொல்லும். கியூ தர அளவு போலிருக்கிறது. ஆனால் 0 என்றால் நன்றா, மோசமா? மூன்று நெடுவரிசைக்குள் இத்தனை கேள்விகள். அதை எழுதியவருக்கு இவை எதுவுமே கேள்வியாகத் தோன்றியிருக்காது, அதனால்தான் எழுதாமல் விட்டிருக்கிறார்.

இதற்குத் தீர்வு ஒரு ரீட்மி கோப்பு. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரி: பெயர், பொருள், அலகு, ஏற்கத்தக்க மதிப்புகள், விடுபட்டதைக் காட்டும் குறி. "கியூ: தரக் குறியீடு; 0 = சரிபார்க்கப்பட்டது, 3 = கருவிக் கோளாறு, பயன்படுத்த வேண்டாம்." அதோடு, எந்த வரிசைகளை ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு பத்தி. ஆய்வு நடக்கும்போதே எழுதினால் இரண்டு பக்கத்துக்குள் முடியும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு உட்கார்ந்தால் கியூவின் பொருள் உங்களுக்கே மறந்திருக்கும்.

எக்செல் கோப்பாகவே தரலாமா?

உங்கள் மேசையில் எக்செல் பயன்படுத்துவதில் தவறில்லை. வெளியிடும்போது சிஎஸ்வி (வெறும் எழுத்தாலான அட்டவணைக் கோப்பு) தாருங்கள். எக்செல் உதவி செய்கிறேன் என்று தரவை மாற்றிவிடும். செப்ட்2, மார்ச்1 என்று பெயர் கொண்ட மரபணுக்களை அது தேதிகளாக்கிவிடும். 2016இல் வந்த ஓர் ஆய்வு, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாகச் சொன்னது. கடைசியில் மென்பொருளைத் திருத்தக் காத்திருக்காமல், பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டது. அதன் புதிய வழிகாட்டு நெறிகள் 2020இல் வெளியாயின.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றாளர்களின் பதிவுகள் கணக்கில் வராமல் போயின. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும்; மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது.

சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும், தேதி 2024-03-04 என்ற வரிசையில் இருக்கட்டும் (04/03 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொன்று சொல்வார்). மஞ்சள் நிறம் பூசிய கட்டத்துக்குப் பொருள் உண்டென்றால் அதைத் தனி நெடுவரிசையாக்குங்கள். சிஎஸ்விக்கு நிறம் தெரியாது. அட்டவணையை மட்டும் பிடிஎஃப்பாகத் தராதீர்கள், தயவுசெய்து.

உரிமம் எழுதாவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே பொருள்?

நேர் எதிர். மென்பொருளில் உரிமம் இல்லையென்றால் எல்லா உரிமையும் உங்களுக்கே. பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை. கவனமான ஆய்வாளர் அப்படியே மூடிவைத்துவிட்டுப் போவார்.

தரவுக்கு, கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி0 அல்லது மூலத்தின் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் சிசி பிஒய் 4.0. தரவுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதே நாட்டுக்கு நாடு மாறுவதால், உரிமைகளைத் துறந்துவிடும் சிசி0 பல சிக்கல்களை முளையிலேயே கிள்ளிவிடும். பெயர் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். மேற்கோள் காட்டுவது ஆய்வு நெறி, உரிமம் இல்லாவிட்டாலும் அது இருக்கும். "வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்" என்று சேர்ப்பது பார்க்க நியாயமாகத் தோன்றும். ஆனால் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழக வகுப்பு வணிகமா? தனியார் மருத்துவமனையின் ஆய்வு வணிகமா? நீங்கள் தடுக்க நினைத்தவர்களைவிட உதவ நினைத்தவர்களே அதிகம் தடுக்கப்படுவார்கள்.

மென்பொருளுக்கு எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் போன்றவை. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பரிந்துரைப்பதில்லை.

என் நிரல் பார்க்கவே சகிக்காது. சரிசெய்துவிட்டு வெளியிடுகிறேனே?

அந்த நாள் வராது. இருப்பதை வெளியிடுங்கள். அழகு கேட்பவர் யாரும் இல்லை. ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஓடுவதே அரிது என்பதும் தெரிந்ததுதான். ஹார்வர்ட் டேட்டாவெர்ஸில் இருந்த 9,000க்கும் மேற்பட்ட ஆர் மொழி நிரல்கோப்புகளை எடுத்து அப்படியே ஓட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. 74 விழுக்காடு பிழையோடு நின்றுபோயின. தானியங்கி முறையில் சில்லறைக் குறைகளைச் சரிசெய்த பிறகும் 56 விழுக்காடு ஓடவில்லை.

இப்படி நின்றுபோவதற்கான வழக்கமான காரணங்கள் எளியவை. உங்கள் கணினியின் கோப்புறைப் பாதை நிரலுக்குள் அப்படியே எழுதப்பட்டிருக்கும். தேவையான நூலகத் தொகுப்பின் பெயர் இருக்கும், பதிப்பு எண் இருக்காது. மூன்று கோப்புகளில் எதை முதலில் ஓட்டுவது என்று சொல்லியிருக்காது. ஒரு சோதனை செய்துபாருங்கள்: பக்கத்து இருக்கைக்காரரிடம் கோப்புறையைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மியில் விடுபட்ட ஒரு வரி. முழுத் தரவு பெரிதென்றால், சின்ன மாதிரித் தரவு ஒன்றும், அதை ஓட்டினால் வரவேண்டிய விடையும் சேர்த்து வையுங்கள். டாக்கர் போன்ற கொள்கலன்கள் நிரல் ஓடத் தேவையான மென்பொருள் சூழலை அப்படியே கட்டித் தரும், உதவிதான். ஆனால் நிரல் என்ன செய்கிறது என்பதை அவை விளக்கிவிடாது.

என் மென்பொருளை எப்படி மேற்கோள் காட்டுவது என்று மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது?

கிட்ஹப் களஞ்சியத்தின் முகப்பில் சைட்டேஷன் டாட் சிஎஃப்எஃப் என்ற சிறு கோப்பு. ஆசிரியர்கள், தலைப்பு, பதிப்பு, டிஓஐ இருந்தால் போதும். 2021 முதல் கிட்ஹப் அதைப் படித்து, மேற்கோள் வடிவத்தைப் பக்கத்திலேயே காட்டுகிறது. மென்பொருளைப் பற்றியே சக ஆய்வாளர் மதிப்பீட்டோடு ஒரு சிறு கட்டுரை வேண்டுமென்றால், அதற்கென்றே 2016இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கிறது.

மனிதர்களைப் பற்றிய தரவு. பெயரை நீக்கிவிட்டேன், வெளியிடலாமா?

அவசரப்படாதீர்கள். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்றை வைத்தே தனித்து அடையாளம் காணக்கூடும் என்று லடான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். அரிய நோய், சிறிய கிராமம், விசித்திரமான பதவிப்பெயர் என எதுவும் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபேர் வேறு, எல்லாருக்கும் திறந்துவிடுவது வேறு என்று முன்பு சொன்ன வேறுபாடு இங்கேதான் உதவுகிறது. மீதரவைத் திறந்து வையுங்கள், தரவைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். டிபிகேப், ஐரோப்பிய ஜீனோம்-ஃபினோம் ஆவணகம் போன்ற மனித மரபணுத் தரவுக் களஞ்சியங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்துத் தருகின்றன. ஒப்புதல் படிவம் எழுதும்போதே பகிர்வதற்கு அனுமதி கேளுங்கள். "ஆய்வு முடிந்ததும் தரவு அழிக்கப்படும்" என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. தொல்குடி மக்களின் தரவு என்றால் 2019இல் வந்த கேர் நெறிகளையும் படியுங்கள். அந்தச் சமூகத்துக்கு என்ன பயன், யார் கையில் அதிகாரம் என்பவை அங்கே முதல் கேள்விகள். மனிதர் அல்லாத இடத்திலும் இப்படி உண்டு: அழியும் நிலையிலுள்ள உயிரினத்தின் துல்லியமான இருப்பிடத்தை வெளியிட்டால் முதலில் வந்து நிற்பது கடத்தல்காரர்.

வேறொருவர் என் தரவை வைத்து என்னை முந்திவிட்டால்?

தடைக்காலம் வைக்கலாம். டிஓஐயும் தேதியும் இன்றே கிடைக்கும், கோப்பு நீங்கள் சொன்ன நாளில் திறக்கும். யார் முதலில் செய்தது என்ற கேள்வி எழுந்தால் அந்தத் தேதியே சாட்சி. எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இந்தப் பயமே இருக்காது என்று நினைத்த துறைகளும் உண்டு. மனித மரபணுத் திட்டத்தினர் 1996இல் பெர்முடாவில் கூடி, வரிசைப்படுத்திய தரவை 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவது என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள்.

வெளியிட்ட பிறகு தரவில் பிழை கண்டுபிடித்தேன். கோப்பை மாற்றிவிடலாமா?

பழைய கோப்பின் மேல் எழுதாதீர்கள். யாரோ அதை வைத்து ஏற்கெனவே கணக்குப் போட்டிருக்கலாம். காலுக்குக் கீழே தரையை உருவக் கூடாது. புதுப் பதிப்பாக ஏற்றுங்கள். ஸெனோடோவில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ உண்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் பொது டிஓஐ ஒன்றும் உண்டு. பொது டிஓஐ எப்போதும் புதிய பதிப்புக்கே கூட்டிச்செல்லும். மறுசெய்கைக்கு மேற்கோள் காட்டுபவர் பதிப்பு டிஓஐயைத்தான் தர வேண்டும். சட்டச் சிக்கலால் நீக்கியே ஆக வேண்டுமென்றால் கோப்பை எடுத்துவிட்டுப் பக்கத்தை விட்டுவையுங்கள்: தலைப்பு, ஆசிரியர், நீக்கிய நாள், காரணம். புதுப் பதிப்பின் குறிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று மழுப்பாமல் நேராக எழுதுங்கள்: "பதிப்பு 1.1. மூன்றாம் கருவியின் ஜூலை மாத அளவீடுகள் ஃபாரன்ஹீட்டில் இருந்தன, செல்சியஸுக்கு மாற்றப்பட்டன. கட்டுரையின் இரண்டாம் அட்டவணை இதனால் மாறும், மற்றவை மாறாது."